ரோட்டில் உப்பு

மிச்சிகனில் மார்ச் மாதத்து வெயிலுக்குச் சூடு கிடையாது, வெளிச்சம் மட்டும்தான். அது லோவெலின் கராஜுக்குள் நுழைந்து, எழுபத்தொன்றாம் வருடத்துச் செவர்லே காரின் சிவப்பில் வழுக்குகிறது. வெளியே, பனி உருகுவதற்காக மாதக்கணக்கில் கொட்டிய உப்பு ரோடெங்கும் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. காரை ஒட்டிப் போட்ட மடக்கு நாற்காலியில் தம்பி ரஸ் கம்பளிக்குள் உட்கார்ந்திருக்கிறான். இந்த எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து உயிர் கொடுத்தவன் அவன்தான். இப்போது ஆஸ்பத்திரிப் பட்டை அவன் மணிக்கட்டில் வளையல் மாதிரி ஆடுகிறது. "ஒரே ஒரு ரவுண்டு அண்ணே. ஏரி வரைக்கும்." "உப்பு கிடக்குடா. அடியெல்லாம் துரு ஏறிடும். நல்ல மழை ஒண்ணு பெஞ்சு ரோட்டக் கழுவட்டும், போலாம்," என்கிறான் லோவெல். "மழை ஏப்ரல்லதான் வரும்," என்கிறாள் ரஸ்ஸின் மனைவி டார்லீன். "இந்த மாசம் தாண்டாதுன்னு டாக்டர் சொன்னப்ப நீங்களும் பக்கத்துலதான நின்னீங்க?" லோவெல் காருக்குள் சாய்ந்து சாவியைத் திருப்புகிறான். எஞ்சின் உறுமுகிறது. "கேட்டுக்கோ," என்கிறான், தானம் கொடுப்பவனைப் போல. ரஸ் தட்டுத்தடுமாறி எழுந்து, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுகிறான். அதிர்வு அவன் முழங்கை வரை ஏறுகிறது. "நல்லா வச்சிருக்க," என்கிறான். டார்லீன் அவனைத் தாங்கி நடத்திப் போகிறாள். பளபளப்பில் ஐந்து விரலும் அப்படியே பதிந்திருக்கின்றன. அவர்கள் கராஜ் வாசலைத் தாண்டுவதற்குள் லோவெல் துணியை எடுத்துத் துடைத்துவிடுகிறான்.