லூஸ்விமிண்டா

விரலில் வைத்த மை இன்னும் காயவில்லை. அதற்குள் போன் அடித்தது.

மை வைத்த நகம் படாமல் கட்டை விரலால் திரையைத் தள்ளினாள்.

அக்கா.

ஓட்டுப் போட்ட பள்ளிக்கூடத்தின் சுவரோரம் ஒதுங்கினாள். மணிலாவில் காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. அம்மா இன்னும் உள்ளே வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

கனடாவில் நேற்றைய சாயங்காலம் இன்னும் முடியவில்லை. அக்கா புது உடுப்பில் இருந்தாள். உதட்டுச்சாயம் பூசியிருந்தாள். வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரி வேலை உடுப்பிலேயே பார்த்துப் பழகிய கண்ணுக்கு யாரோ மாதிரி தெரிந்தாள்.

கையில் ஒரு சின்னக் கொடி. சிவப்பும் வெள்ளையும். நடுவில் இலை.

கேட்க வேண்டியிருக்கவில்லை.

"வெள்ளிக்கிழமையே உறுதிமொழி எடுத்துட்டேன்டி. இனிமே நான் கனடாக்காரி. இன்னிக்குதான் ஆஸ்பத்திரியில கேக் வெட்டினாங்க." குரல் தாழ்ந்தது. "அம்மாகிட்ட நீயே சொல்லிடு. எனக்கு வாய் வரல."

லூஸ்விமிண்டா. அக்காவின் முழுப் பெயர். லூசோனில் கொஞ்சம், விசாயாஸில் கொஞ்சம், மிண்டனாவோவில் கொஞ்சம் என்று தீவு தீவாகக் கிள்ளி ஒட்டவைத்த பெயர். நாட்டுப்பற்று தலைக்கேறிய அப்பன்மார் பிள்ளைக்கு வைப்பது. மொத்த பிலிப்பைன்ஸும் அதற்குள் இருக்கிறது. சாகும்வரை அப்பா ஆள் ஏற்றி ஓட்டிய ஜீப்னி வண்டியின் நெற்றியிலும் அந்தப் பெயர்தான்.

இரண்டாவதாகப் பிறந்தவளுக்கு வைக்க மிச்சம் எதுவும் இல்லை. ஏதோ ஒரு பெயர் வைத்தார்கள்.

அந்த மிச்சமில்லாதவள்தான் இங்கே நின்று விரலில் மை வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

ஓட்டுச்சீட்டில் இருந்தவர்களெல்லாம் பழைய ஆட்கள். அப்பன் உட்கார்ந்த நாற்காலிக்கு மகன். மகன் எழுந்த நாற்காலிக்கு அவன் பெண்டாட்டி. தோற்கப்போகிறவர்கள் என்று தெரிந்தே மூன்று பேருக்கு வட்டத்தைக் கறுப்பாக்கியிருந்தாள். யந்திரம் சீட்டை விழுங்கி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

அதை அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தாள். அங்கிருந்தபடியே அக்காவும் அந்த மூன்று பேருக்குத்தான் போட்டிருப்பாள் என்று நம்பியிருந்தாள்.

"என்னன்னு உறுதிமொழி?"

தெரிந்தேதான் கேட்டாள்.

"அதான்டி. இங்கிலாந்து ராஜாவுக்கு விசுவாசமா இருப்பேன்னு."

"ராஜாவா?" சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "ஒரு ராஜாவத் தொரத்தத்தான் இங்க அத்தன பேரு செத்தாங்க. நீ காசு கட்டி இன்னொருத்தரப் புடிச்சுட்டு வந்திருக்க."

அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. எப்போதுதான் விட்டுக்கொடுத்தாள்.

"நம்ம நாட்டுப் பேரே ஒரு ராஜா பேருதான்டி. ஸ்பெயின்காரன் வச்சுட்டுப் போனது. பட்டம் வாங்கினவளுக்கு அதுகூடத் தெரியாதா?"

பட்டம்.

அந்த வீட்டின் முதல் பட்டம். வாங்கியது அவள். அதற்காக யார் யார் வீட்டுக் கிழவர்களையோ தூக்கிக் கழுவித் துடைத்தது அக்கா.

வெட்கமா, கோபமா, எதுவென்று தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"எங்க நாட்டப் பத்தி இனிமே நீ பேசாத."

எங்க.

அவர்கள் பேசும் தகலோகும் இந்த விஷயத்தில் தமிழ் மாதிரிதான். நம்ம வேறு, எங்க வேறு. கேட்கிறவரையும் உள்ளே சேர்த்தால் நம்ம. வாசலோடு நிறுத்திவிட்டால் எங்க.

சின்ன வயதில் சண்டை முற்றினால், "இரு, எங்க அம்மாகிட்டச் சொல்றேன்" என்று அழுதுகொண்டே ஓடுவாள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "மண்டு, எனக்கும் அவதான்டி அம்மா. நம்ம அம்மான்னு சொல்லு."

அக்கா இப்போது சிரிக்கவில்லை. திருத்தவும் இல்லை.

கொடி மெல்லக் கீழே இறங்கியது. திரைக்கு வெளியே எங்கோ போய்விட்டது.

உதட்டுச்சாயத்தைப் புறங்கையால் துடைத்தாள். அது கன்னம்வரை இழுபட்டது.

தெருவில் ஒரு ஜீப்னி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அந்தப் பக்கமும் கேட்டிருக்கும்.

ஒரே ஒரு சொல்தான். மாற்றிச் சொல்லிவிடலாம். நாக்கு எழவில்லை.

"அடுத்த மாசம் மழை வந்துடும்," என்றாள் அக்கா கடைசியில். மரியாதையான குரல். நோயாளியின் வீட்டாரிடம் பேசுகிற குரல். "உங்க கூரை ஒழுகுதா?"

அந்தக் கூரையின் தகரம் மொத்தமும் அக்கா அனுப்பிய பணம்.

"ஒழுகல, அக்கா."

"சரி. பாத்துக்கோங்க."

திரை அணைந்தது. அதில் ஓரமாக மை ஒட்டியிருந்தது. எப்போது பட்டதென்று தெரியவில்லை.

அம்மா வெளியே வந்தாள். மை விரலைக் குழந்தை மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு. போனைப் பார்த்ததும் நடை வேகமானது.

"மிண்டாவா? அதுக்குள்ள வச்சுட்டாளா? என் விரலக் காட்டலாம்னு பாத்தேனே. என்ன சொன்னா?"

அவள் திரையைச் சட்டையில் தேய்த்தாள்.

"நம்ம கூரை ஒழுகுதான்னு கேட்டாம்மா."