அடுத்த பெயர்

“ஆராய்ச்சி உதவித்தொகை வேணாம்னு எழுதிக் கொடுக்கணும்மா. என் பொண்ணுக்கு வந்தது” என்றார் பெரியவர்.

கவுண்ட்டரில் இருந்தவளுக்குச் சுருக்கென்றது. அவளுடைய படிப்புக்கும் அப்பாதான் இப்படி முற்றுப்புள்ளி வைத்தார்.

“ஆயிரம் பேர் எழுதி, பன்னெண்டு பேருக்குக் கிடைச்சதுங்க இது. பொண்ணு வரலையா?”

“வர முடியாதும்மா.”

“வரன் வந்திருக்காக்கும்? பெத்தவங்களே பிள்ளை வாழ்க்கையில மண்ணள்ளிப் போடலாமா? அவ கையெழுத்து இல்லாம நான் வாங்க மாட்டேன்.”

பெரியவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். இறப்புச் சான்றிதழ். மகள் போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

“ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டா. ‘தேதி தாண்டினா என் இடம் யாருக்கும் இல்லாமப் போயிடும், உடனே போய்ச் சொல்லிடுங்கப்பா’ன்னு. நாளைக்குத்தானேம்மா கடைசி நாள்?”

அவள் எழுந்து நின்று, அவர் எழுதிக்கொண்டு வந்திருந்த கடிதத்தை வாங்கிக்கொண்டாள்.

அவர் போனதும், காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருந்த பெண்ணுக்குப் போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பெண் சந்தோஷத்தில் கத்தினாள்.

“நம்பவே முடியலை மேடம்! இதைப் போய் யாரு வேணாம்னாங்க?”

“நேர்ல வாம்மா, சொல்றேன்” என்று போனை வைத்தாள்.