ஒரே நிமிஷத்தில் திண்டிவனம்

எங்கள் பஸ் டிக்கெட் கம்பெனிக்கு வெப் சர்வர் விழுப்புரத்தில், அப்ளிகேஷன் சர்வர் திண்டிவனத்தில். இரண்டிலும் செட்டிங்ஸ் ஃபைல் ஒன்றுபோல இருக்க வேண்டும், இல்லையென்றால் குளறுபடிதான். இங்கே ஒரு வரி மாறினாலும் பென் டிரைவோடு நான் திண்டிவனத்துக்கு பஸ் ஏற வேண்டும். மூன்று வருஷம் ஏறினேன், தற்காலிக ஊழியராகவே.

போன வாரம் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்ன புரோகிராம், எழுதினேன். இங்கே மாற்றினால் ஒரே நிமிஷத்தில் அங்கேயும் மாறிவிடும்.

"இது ஓடினா பர்மனென்ட் பண்றேன்னீங்க சார்," என்றேன் மேனேஜர் நடராசனிடம்.

"மொதல்ல ஓடட்டும் துர்கா. சர்வர்ல நுழையறவங்க பட்டியலும் இந்த ஃபைல்லதானே இருக்கு?"

"ஆமா சார். ஆதிநாராயணனை வேலையை விட்டு அனுப்பிட்டு, திண்டிவனத்துல பேரை எடுக்க என்னை அனுப்ப மறந்துட்டீங்க. ஒரு மாசம் உள்ள பூந்துக்கினு இருந்தான். அந்தப் பேஜாரு இனிமே இல்ல."

"அப்போ பட்டியல்ல கடைசி வரியை எடு, பாப்போம். ஜல்தி."

அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்தேன்.

ஒரு நிமிஷம் கழித்து, திண்டிவனம் ஆபீசில் இருக்கும் சூர்யகலாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"பட்டியல்ல ஏதாவது மாறிச்சாம்மா?"

"மாறிடுச்சு சார். ஆனா துர்கா பேரைக் காணோமே, ஏதாவது தப்பா?"

"தப்பெல்லாம் இல்ல. இனிமே பஸ் ஏற ஆள் தேவையில்ல."

பாவி நான், ஒரு பிழைகூட இல்லாமல் எழுதித் தொலைத்திருந்தேன்.