பாதி விலைக்கு வந்த ரஷ்ய லென்ஸ்

நாளைக்குள் முகப்படம் எடுக்க ஒரு லென்ஸ் கிடைக்காவிட்டால், முதலாளி கேமராவைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார். கேமராவின் கையிலோ சொற்பக் காசு. பொருளைச் சரியாகப் பார்க்காமலே குறை சொல்லி விலையை இறக்குவது கேமராவின் பழக்கம். சந்தையில் ஒரு பழைய சோவியத் லென்ஸிடம் ஆரம்பித்தது.

“உள்ளே பூரா தூசியா கிடக்கே?”

“அதனாலதாண்ணே படம் கனவு மாதிரி வரும். நூறு கூட வைங்க.”

“படத்துல முகத்துக்குப் பின்னாடி மரமெல்லாம் சுழலுற மாதிரி மங்கலா விழுமாமே?”

“அதுக்குத்தானே ஜனம் அலையுது! இன்னொரு நூறு.”

குறை சொன்னால் விலை ஏறும் சந்தையைக் கேமரா கண்டதே இல்லை. ஆத்திரத்தில் கத்தியது: “போய்யா! உன்கிட்ட ஒரு குறையும் இல்ல. எல்லாம் பளிச்சுனு, சுத்தமா தெரியுது!”

லென்ஸ் பதறியது. “மெதுவாண்ணே, நாலு பேர் காதுல விழுந்தா யாரு என்னை வாங்குவா? பாதி விலைக்கே வரேன்.”

ஜெயித்த மிதப்பில் லென்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பிய கேமரா, தெருமுனையில் குழம்பி நின்றது.

“என் பொழைப்பே உன்னை நம்பித்தான் இருக்கு. உண்மையைச் சொல்லு, உன்கிட்ட குறை இருக்கா, இல்லையா?”

“நீங்க என்னை வெச்சுக்கப் போறீங்களா, விக்கப் போறீங்களா? அதை முதல்ல சொல்லுங்கண்ணே.”