இரண்டு முந்தானை

மாப்பிள்ளை வீட்டார் கூடத்துப் பாயில் உட்கார்ந்ததும் அக்கா காபித் தட்டோடு வெளியே போனாள். நான் அடுப்படியில் நின்று சாக்குப் படுதாவின் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெண் பார்க்க வரும்போது தங்கை தலைகாட்டக் கூடாது. உறையூரில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அன்று அது எனக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று.

அக்கா வள்ளிக்கண்ணுவுக்கு ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் அப்பா ஒடிந்துபோவார் என்று அம்மா காலையிலிருந்து கும்பிடாத சாமி இல்லை.

பச்சைப் புடவையில் அக்கா நன்றாகத்தான் இருந்தாள். முந்தானை முழுக்க வெள்ளையும் சிவப்புமாகச் சதுரக் கட்டங்கள். மாப்பிள்ளையின் அம்மா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

அந்த முந்தானை பிறந்த கதை எதிர்ச் சுவரிலேயே ஒட்டியிருந்தது.

நூல் கடையில் சுற்றிக் கொடுத்த வெளிநாட்டுப் பத்திரிகைத் தாள் அது. ஒரே பச்சை. குறுக்கே இடைவெளி விட்டு விட்டு வெள்ளைக் கோடுகள். நடுவில் பொட்டுப் பொட்டாகப் புட்டா. ஒரு கோடியில் சதுரக் கட்டம், மறு கோடியில் சாய்கோடு. கீழே இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் இங்கிலீஷ் வராது.

தறிக்காரருக்குப் பார்ப்பதெல்லாம் துணிதான். அமெரிக்காவில் புடவையை விரித்துப் போட்டுப் படம் எடுத்திருக்கிறான் என்றார் அப்பா. மிச்சம் விழுந்த நூலையெல்லாம் சேர்த்து வைத்து அப்படியே நெய்தார். புட்டா ஏன் ஓரிடத்தில் கும்பலாகவும் மற்ற இடத்தில் காலியாகவும் கிடக்கிறது என்று அம்மா கேட்டதற்கு, படத்தில் அப்படித்தானே இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

கட்டம் போட்ட முந்தானை அக்காவுக்கு. சாய்கோட்டு முந்தானை எனக்கு.

அதிலிருந்து நானும் அக்காவும் சேர்ந்து வெளியே போவதில்லை. சீரங்கத்துக்கு அவள் காலையில் போனால் நான் சாயங்காலம் போவேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஏதாவது வாங்க வேண்டியிருந்தால் ஒருத்திதான். அக்காவுக்கும் தங்கைக்கும் ஆகவில்லை, பேச்சுவார்த்தையே கிடையாது என்று தெருவில் முடிவுகட்டிவிட்டார்கள். நாங்களும் மறுக்கவில்லை.

மத்தியானத்தில் தறிச் சத்தம் கேட்டுக் கண் சொக்கும்போது நான் அந்தப் படத்துக்குள் இறங்கிவிடுவேன். காவேரி மணலைப் போல அவ்வளவு அகலம், ஆனால் பச்சை. இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அக்கா. நடுவில் புட்டாக்கள் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும். அவளை நோக்கி நடப்பேன். நடக்க நடக்க வெள்ளைக் கோடுகள் வந்துகொண்டே இருக்கும். ஒருநாளும் போய்ச் சேர்ந்ததில்லை. விழித்துக்கொண்டால் ஏனோ அழுகை வரும்.

மாப்பிள்ளை ரெங்கராஜ் திருவெறும்பூரில் டிரில் மாஸ்டர். அக்காவைப் பார்த்தவர் சுவரையும் பார்த்தார். எழுந்து போய்ப் படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்தார். திரும்பி அக்காவின் முந்தானையைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய அம்மா வாயைத் திறந்தார்.

“சின்னவளையும் கூப்பிடுங்க. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன், சாய்கோடு போட்ட முந்தானையில லட்சணமா இருந்தா. அதையே கட்டிக்கிட்டு வந்து அக்காகூட நிக்கட்டும்.”

அப்பா தரையைப் பார்த்தார். அக்கா காலித் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். நான் கட்டியிருந்தது நாலு இடத்தில் ஒட்டுப்போட்ட பழம்புடவை.

மாப்பிள்ளைதான் பேசினார். அப்பாவைப் பார்த்து, வெகு மரியாதையாக. சுவரில் இருப்பது புடவை இல்லை, அமெரிக்காக்காரர்கள் பந்தாடும் மைதானம் என்றார். உயரத்திலிருந்து எடுத்த படம், புட்டா மாதிரித் தெரிவதெல்லாம் ஆட்கள். இரண்டு கோடியிலும் புல்லின்மேல் சாயம் பூசி இப்படிச் சித்திரம் எழுதி வைப்பார்களாம். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு எதிராளியின் கோடிக்குள் ஓடிப்போய்ச் சேர்ந்துவிட்டால் ஜெயமாம்.

சொல்லிக்கொண்டே வந்தவர் அக்காவின் காலடியில் பார்வை பட்டதும் நிறுத்தினார். கொசுவத்துக்குப் பின்னால், உள்சுற்றிலிருந்து, ஒரு விரற்கடை சாய்கோடு கணுக்காலருகே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் குனிந்து காபி டம்ளரை எடுத்துக்கொண்டு தன் அம்மாவிடம் திரும்பினார்.

“சின்னவங்க இன்னொரு நாள் வரட்டும்மா. கோடி ரெண்டா இருந்தாலும் கிரவுண்டு ஒண்ணுதான்.”

அவருடைய அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் இருப்பது ஒரே புடவை என்று அவர் கண்டுகொண்டது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் புரிந்தது. அக்கா அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். படுதாவுக்குப் பின்னால் நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

ஆவணியில் கல்யாணம். அன்றுதான், ஒன்றரை வருஷம் கழித்து, நானும் அக்காவும் சேர்ந்து தெருவில் இறங்கினோம். அவள் கூறைப்புடவையில். நான் பச்சைப் புடவையில். அவள் கையை விடவே இல்லை நான்.

ஒருவழியாக அக்காவும் தங்கையும் ராசியாகிவிட்டார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.