எல்லா மோட்டாரும் ஆட்டோவில்

வெயிலை மேகம் மூடினால் சோலார் மின்நிலையத்தின் தகடுகள் ஓய்ந்துபோகின்றன. மின்சாரம் பாதியானதால் மேலிடம் நிறுத்தச் சொன்ன களமருதூர் லைனை, மேகம் விலகிய பிறகு ஆபரேட்டர் மணிமொழி மீண்டும் போடுகிறாள். துணை மின்நிலையத்துப் பெட்டிக்குள் டமாரென்று சத்தம். மீட்டர் முள் எகிறி விழுகிறது, லைன் போய்விடுகிறது. இது மூன்றாவது தடவை. கரண்டு வந்த நொடியே தானாகக் கிளம்பும்படி அத்தனை பேரும் கழனி மோட்டாரை ஆட்டோவில் போட்டு வைத்திருந்தால் எந்த லைன் தாங்கும்? அணையுங்கள், ஒவ்வொருவராகப் போடுங்கள் என்று போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. எல்லோரும் சரிங்க என்கிறார்கள். யாரும் அணைப்பதில்லை. ஆறிய டீயில் ஆடை படிந்திருக்கிறது. போன் அடிக்கிறது, கணவன் சின்னராசு.

"இன்னா மணி, கரண்டு வந்து வந்து போய்க்கினு இருக்குது. பயிரு காயுது."

"நம்ம மோட்டாரு ஆட்டோலயாங்க இருக்குது?"

"நீதான காலைல போட்டுட்டுப் போன. நிறுத்திடவா?"

நாம் நிறுத்தினாலும் பக்கத்துக் கழனிக்காரர் நிறுத்தமாட்டார்.

"இருக்கட்டும்."

போனை வைத்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த எண்ணை அழுத்துகிறாள்.

"அண்ணே, ஆட்டோவ ஆஃப் பண்ணுங்கண்ணே."