பார்வை நேரம்

"ஏழு மாசமா ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு நீங்க வரல. என்ன காரணம்?"

சனிக்கிழமை மாலை கமிட்டிக் கூட்டத்தில் சபைச் செயலாளர் கேட்க, எலக்ட்ரீஷியன் தலைகுனிந்து நின்றான். இருபது வருஷமாக அந்தச் சபையின் மைக் செட் அவன் பொறுப்பு.

"வேற வேலை இருக்குதுய்யா."

"கர்த்தரோட நாள்லயா?"

போதகர் தணிந்த குரலில் கேட்டார். "வீட்ல ஏதும் கஷ்டமா தம்பி?"

"இல்லங்கய்யா."

"அப்புறம் என்ன?" செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஞாயித்துக்கிழமை ஒருத்தன் எங்க போறான்னு பாத்தா போதும், அவன் யார் பக்கம்னு தெரிஞ்சிடும். நீங்க ஆண்டவர் பக்கமா, உலகத்துப் பக்கமா?"

எலக்ட்ரீஷியன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன், சுற்றி உட்கார்ந்திருந்த கமிட்டிக்காரர்களைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டான்.

"அதை நான் எப்படிய்யா சொல்லிக்கறது?"

போதகர் தயங்கினார். செயலாளர் விடவில்லை. சபைப் பட்டியலிலிருந்து அவன் பெயரை நீக்குவதென்று முடிவாயிற்று.

மைக் ரூம் சாவியை மேஜைமேல் வைத்தான் எலக்ட்ரீஷியன். "இடது பக்க ஸ்பீக்கர்ல ஒயர் லூஸா இருக்கு. நாளைக்குக் காலைல கொஞ்சம் பாத்துக்கச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் ஆராதனை முடிந்து செயலாளர் போனை எடுத்தபோது ஆறு மிஸ்டு கால். எல்லாம் முதியோர் இல்லத்திலிருந்து.

அப்பா போய்விட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன் செயலாளர்தான் அப்பாவை அங்கே கொண்டுபோய் விட்டார். அங்கே பார்வை நேரம் ஞாயிற்றுக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு மட்டும். "அப்பா கேட்டுக்கிட்டே இருக்கார், வாங்க சார்" என்று அவர்கள் கூப்பிடும்போதெல்லாம், "அந்த நேரத்துல எனக்கு ஆராதனை" என்பார். நாளாவட்டத்தில் அவர்களும் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள்.

இல்லத்து வாசலில் ஒரு நர்ஸ் நின்றிருந்தாள். வேலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருக்கும்.

"பத்தரைக்கு உயிர் போச்சு சார். கஷ்டப்படல. மகன் மடியிலதான் போனார். நீங்க என்ன உறவு?"

"மகன்."

"இன்னொரு மகனா? தாத்தா சொன்னதே இல்லையே."

செயலாளர் அவளைத் தாண்டி உள்ளே நடந்தார்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஈரத்துணியால் அப்பாவின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான் எலக்ட்ரீஷியன். இவரைக் கண்டதும் எழுந்து, துணியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"மன்னிச்சிடுங்கய்யா. ஏழு மாசத்துக்கு முன்ன இங்க ஃபேன் ரிப்பேருக்கு வந்தேன். அப்பாவுக்குக் கண்ணு போயிருந்துச்சு, காதும் மந்தம். என் கையைப் பிடிச்சிக்கிட்டு உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அடுத்த ஞாயித்துக்கிழமையும் வருவியான்னு கேட்டார்."

செயலாளர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்தே… எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கலாமே?"

"எல்லார் முன்னாடியும் எப்படிய்யா சொல்றது? வாரா வாரம் நீங்க வந்தீங்கன்னு நெனச்சுக்கிட்டுத்தான்யா அப்பா கண்ணை மூடினார்."